வெல்டிங் யூடி (அல்ட்ராசோனிக்) சோதனைக்கு ஏஐயைப் பழக்குவது எப்படி?

25 மி.மீ. கனமுள்ள கார்பன் ஸ்டீல் தகட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெல்ட் போட்டிருக்கிறது. அதை ஃபேஸ்டு அர்ரே முறையில் (பல சிறு எலிமென்ட்டுகள் கொண்ட ப்ரோப்பால் ஒலிக் கதிரின் கோணத்தை மாற்றும் முறை) அல்ட்ராசோனிக் ஸ்கேன் செய்தால் எவ்வளவு தரவு சேரும்? 40 டிகிரி முதல் 70 டிகிரி வரை அரை டிகிரி இடைவெளியில் 61 கதிர்கள். மி.மீ.க்கு ஒரு பதிவு என்றால் 61,000 ஏ-ஸ்கேன் (ஒரு கதிரின் எதிரொலிப் பதிவு). வெல்டின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு தூரத்திலும் ஓட்டினால் 2,44,000. இவ்வளவிலும் கோளாறு இருக்கும் இடம் சில சென்டிமீட்டர்தான். பல ஜாயின்ட்டுகளில் அதுவும் இருக்காது. காலை முதல் ஜாயின்ட்டில் இருந்த கவனம் மாலை கடைசி ஜாயின்ட் வரை அப்படியே இருக்கும் என்று எந்த ஆய்வாளரிடமும் எதிர்பார்க்க முடியாது.

ஏஐ உதவ வேண்டிய இடம் இதுதான். “இங்கே ஒருமுறை பார்” என்று காட்டும் வேலையை அதற்குக் கொடுக்கலாம். ஏற்பதா, ரிப்பேருக்கு அனுப்புவதா என்ற முடிவை அதனிடம் கொடுக்கக் கூடாது. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டால் தரவு சேர்ப்பது, எது கோளாறு என்று லேபிள் போடுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே தெளிவாகிவிடும். மாடலைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. உழைப்பு முழுக்க ஸ்கேனிலும் லேபிளிலும்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

ஒரே ஒரு ஜாயின்ட் வகையில் தொடங்குங்கள்

இங்கே எடுத்துக்கொள்வது 25 மி.மீ. தகடு, சிங்கிள் வி பட் ஜாயின்ட் (இரு தகட்டின் விளிம்பையும் சாய்வாகச் சீவி, வி வடிவப் பள்ளத்தில் வெல்ட் போடுவது), மொத்தக் கோணம் 60 டிகிரி, ரூட் (பள்ளத்தின் அடி) இடைவெளி 3 மி.மீ. ப்ரோப் 5 மெகாஹெர்ட்ஸ், 64 எலிமென்ட், பிட்ச் 0.6 மி.மீ. வெட்ஜ் (ப்ரோப்புக்கு அடியில் வைக்கும் ஆப்பு) 55 டிகிரி ஷியர் வேவுக்கு (குறுக்கலைக்கு) ஆனது.

கனம், பெவல் (விளிம்பின் சாய்வு), பொருள் இவற்றில் எது மாறினாலும் மாடலை மறுபடி சோதித்தாக வேண்டும். திருச்சி வட்டாரத்து பாய்லர் ஷாப்களில் போடும் மெல்லிய ட்யூப் ஜாயின்ட்டுக்கு, தகட்டில் பழகிய மாடல் உதவாது. வளைவு வேறு, கனம் வேறு, ப்ரோப்பே வேறு. ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்ட் இன்னும் தொலைவு: அதன் பெரிய தூண் போன்ற படிகங்கள் கதிரை வளைத்துச் சிதறடிக்கும். அங்கே லாங்கிடியூடினல் அலையும் (நெட்டலை) குறைந்த அதிர்வெண்ணும் தேவைப்படும். கார்பன் ஸ்டீலில் பழகிய மாடலை அங்கே ஓட்டுவது ஆபத்து.

கதிர் படாத இடத்தை மாடல் பார்க்காது

ஏஐ பற்றிய பேச்சில் அதிகம் மறக்கப்படுவது ஸ்கேன் பிளான், அதாவது கதிர் எங்கிருந்து எந்தக் கோணத்தில் போகும் என்ற திட்டம். சைட்வால் லாக் ஆஃப் ஃப்யூஷன் என்பது வெல்ட் தகட்டோடு உருகிச் சேராமல், பெவல் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய தளம். கதிர் அதைச் செங்குத்தாகத் தொட்டால்தான் எதிரொலி பலமாகத் திரும்பும். பெவல் சாய்வு 30 டிகிரி என்பதால், கீழ்ப்பரப்பில் பட்டு மேலே திரும்பும் இரண்டாவது லெக்கில் 60 டிகிரிக் கதிர்தான் அதற்குச் செங்குத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர் வெளியேறும் புள்ளி வெல்ட் மையத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி இருந்தால், ரூட் பகுதி முதல் லெக்கில் ஏறத்தாழ 60 டிகிரியில் நன்றாகத் தெரியும். ஆனால் பெவல் முகத்தின் நடு ஆழத்தை இரண்டாவது லெக்கில் தொடுவது 44 டிகிரிக் கதிர். செங்குத்திலிருந்து 16 டிகிரி விலகல், அதனால் எதிரொலி பலவீனமாகிவிடும். புள்ளியை 75 மி.மீ.க்குத் தள்ளினால் நடு ஆழத்தை 60 டிகிரியும், கேப் (வெல்டின் மேல்பகுதி) அருகே முகத்தை 50 டிகிரியும் தொடும். ஆகவே 45, 75 என்று இரண்டு தூரம் வேண்டும். வெல்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று: வெல்டுக்குக் குறுக்கே ஓடும் கிராக் இந்த ஸ்கேனில் ஏறக்குறைய தெரியாது. அதற்குக் கதிரை வெல்டின் நீளவாக்கில் அனுப்பும் தனி ஸ்கேன் தேவை. மாடல் “ஒன்றுமில்லை” என்றால் அதன் பொருள், இந்தக் கதிர்கள் போன இடத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை என்பது மட்டுமே.

தரவைப் பதிவதில் கவனிக்க வேண்டியவை

ஸ்டீலில் ஷியர் வேவ் வேகம் நொடிக்கு சுமார் 3,240 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.65 மி.மீ. 70 டிகிரிக் கதிருக்கு முழு ஸ்கிப் (கீழே பட்டு மறுபடி மேற்பரப்பு வரை) 146 மி.மீ. பாதை, போய்வர நேரம் 90 மைக்ரோ நொடி. 50 மெகாஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்கில் ஒரு ஏ-ஸ்கேனுக்கு 4,500 புள்ளிகள். 16 பிட்டில் சேமித்தால் ஒரு மீட்டருக்கு, ஒரு ஓட்டத்துக்கு, சுமார் 550 எம்பி. ரெக்டிஃபை செய்து (அலையின் எதிர்ப் பாதியையும் நேராக்கி) 5க்கு 1 என்று சுருக்கினால் 110 எம்பி. ஆர்எஃப் வடிவில் (ரெக்டிஃபை செய்யாத முழு அலையாக) சேமிப்பதானால் சுருக்கவே கூடாது, அலை வடிவம் சிதைந்துவிடும். பயிற்சிக்கான தகடுகளை மட்டுமாவது ஆர்எஃப்பில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

சென்சிட்டிவிட்டியை 3 மி.மீ. பக்கத்துளைகளை வைத்து டிசிஜி (ஆழம் கூடக் கூட எதிரொலியைக் கூட்டிச் சமன்செய்யும் திருத்தம்) போட்டு, எல்லா ஆழத்திலும் 80 சதவீத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். திரை 100 சதவீதத்தில் வெட்டப்பட்டால், 80க்கு மேலே மிச்சமிருப்பது 2 டிபிகூட (டெசிபல்) இல்லை. கொஞ்சம் பலமான எதிரொலி எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாகிவிடும். 3 டிபி கூடுதல் எது, 12 டிபி கூடுதல் எது என்று மனிதனுக்கும் தெரியாது, மாடலுக்கும் தெரியாது. 100க்கு மேலும் பதியும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஸ்கேன் செய்யும்போது கூட்டிய கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ரெஃபரன்ஸ் கெயினிலிருந்து பிரித்து ஃபைலில் எழுதுங்கள்.

என்கோடரை (ப்ரோப் நகர்ந்த தூரத்தை அளப்பது) 500 மி.மீ.யாவது நகர்த்தி, 1 சதவீதத்துக்குள் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். கேலிப்ரேஷன் பிளாக்குக்கும் வேலைப் பொருளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 14 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதி. வெயிலில் கிடக்கும் வெசலை (அழுத்தக் கலனை), குளிரூட்டிய அறையில் வைத்த பிளாக்கால் கேலிப்ரேட் செய்தால் இந்த விதி உடனே மீறப்படும். வெட்ஜ் சூடானால் அதற்குள் ஒலியின் வேகம் குறையும், ஸ்டீலுக்குள் போகும் கதிரின் கோணம் கூடும். எதிரொலி தப்பான இடத்தில் விழும். ரூட் எதிரொலி ஒரு மி.மீ. நகர்ந்தாலே என்ன குழப்பம் வரும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

மாடலுக்குள் போகும் முன் ஒவ்வொரு ஃபைலும் ஒரு சாதாரண ப்ரோக்ராமைத் தாண்டி வர வேண்டும். விட்டுப்போன வரிகள் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, அடுத்தடுத்து இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறதா, கப்ளன்ட் (ப்ரோப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் திரவம்) அறுந்து சத்தமே இல்லாமல் போன நீளம் எவ்வளவு, செத்துப்போன எலிமென்ட் உண்டா என்று அது பார்க்கும். இதற்கு ஏஐ தேவையில்லை. கப்ளன்ட் அறுந்த இடம் மாடலின் கண்ணுக்கு மிகச் சுத்தமான வெல்டாகத் தெரியும். எதிரொலியே இல்லையே! இந்த வாசலைக் கட்டாமல் மாடலை ஓட்டினால், மோசமான ஸ்கேனுக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிடும்.

மாதிரித் தகடுகள்

நல்ல ஷாப்பின் தினசரி தரவில் கோளாறு அரிதாகத்தான் வரும். அதனால் வேண்டுமென்றே கோளாறு வைத்த தகடுகள் செய்தாக வேண்டும். 300 மி.மீ. நீளத்தில் 18 தகடுகள், ஒவ்வொன்றிலும் 5 கோளாறுகள், இடையே குறைந்தது 25 மி.மீ. சுத்தமான நீளம் என்று தொடங்கலாம். பத்து தகடு பயிற்சிக்கு, இரண்டு சரிசெய்வதற்கு, ஆறு தகடு கடைசிச் சோதனைக்கு. அந்த ஆறையும் பூட்டி வையுங்கள். மாடலைப் பழக்குகிறவர் கண்ணில் அவை படவே கூடாது. ஆறு ஐந்து முப்பது என்ற கணக்குக்குக் காரணம் பின்னால் வரும்.

அனுபவமுள்ள வெல்டருக்குக் கோளாறு செய்யவும் தெரியும். ஒரு பாஸின் (வெல்ட் அடுக்கின்) ஸ்லாக்கை, அதாவது கசடை, தட்டி எடுக்காமல் அடுத்த பாஸ் போட்டால் ஸ்லாக் சிக்கும். ஷீல்டிங் கேஸைக் குறைத்தாலோ, ஓவனில் காய்ச்சாத ஈ7018 ராடைப் பயன்படுத்தினாலோ போரோசிட்டி (வாயுத் துளைகள்) வரும். கரண்ட்டைக் குறைத்து ஆர்க்கைப் பெவல் முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் லாக் ஆஃப் ஃப்யூஷன். ரூட் இடைவெளியை நெருக்கினால் ரூட் உருகாமல் நிற்கும். கிராக் செய்வதுதான் கடினம். அதற்காக ஈடிஎம் நாட்ச் (மின்பொறியால் அரித்த கீறல்) வெட்டி அதையே கிராக் என்று லேபிள் போட்டுவிடாதீர்கள். நாட்ச்சின் முகம் கண்ணாடிபோல் நேராக இருப்பதால் எதிரொலி ஒரே கூர்மையாக வரும். உண்மையான கிராக் கோணல்மாணலாக ஓடும்: பல முகங்கள், பல சிறு எதிரொலிகள், நுனியில் பட்டு அலை சிதறுவதால் அங்கிருந்து ஒரு மெல்லிய டிஃப்ராக்‌ஷன் சிக்னல். நாட்ச்சில் பழகிய மாடல் கிராக்கைக் கோட்டைவிடும்.

கோளாறுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எல்லாத் தகட்டிலும் நடுவிலேயே வைத்தால் மாடல் கோளாறைக் கற்காமல் நடுவைக் கற்றுக்கொள்ளும். கோளாறுள்ள தகட்டை ஒருநாளும் சுத்தமான தகட்டை இன்னொரு நாளும் வேறு கெயினில் ஸ்கேன் செய்தாலும் இதே கதைதான். இரண்டு ஆபரேட்டர், இரண்டு வெட்ஜ், வெவ்வேறு நாட்கள் என்று கலந்து ஓட்டுங்கள். ஆனால் ஒரே கோளாறை எட்டு முறை ஸ்கேன் செய்தாலும் அது எட்டு கோளாறு ஆகாது என்பது நினைவிருக்கட்டும்.

இவற்றோடு, ஷாப்பில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட உண்மையான வெல்டுகளின் தரவும் பல மீட்டர் வேண்டும். மாதிரித் தகட்டின் ரூட் பெரும்பாலும் அழகாக இருக்கும். வேலை நடக்கும் ஜாயின்ட்டில் ரூட் துருத்தும், இரு பக்கமும் மட்டம் பொருந்தாது, கேப்பின் உயரம் ஏறி இறங்கும். அவற்றைப் பார்க்காமல் வளர்ந்த மாடல், ஷாப்புக்கு வந்த முதல் நாளே எல்லா ரூட்டிலும் எச்சரிக்கை கொடுக்கும்.

லேபிள்: வேலையின் உயிர்

லெவல் 2 தகுதிச் சான்று பெற்ற இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். முரண்படும் இடத்தை அதற்கு மேல்நிலைத் தகுதியான லெவல் 3 ஆய்வாளர் பார்த்து முடிவு செய்யட்டும். அவர்கள் எங்கெல்லாம் முரண்பட்டார்கள் என்ற பட்டியலையும் காப்பாற்றி வையுங்கள். மாடல் தடுமாறப்போகும் இடங்களும் பெரும்பாலும் அவைதான்.

ஆனால் இரண்டு பேர் ஒத்துப்போனாலும் அது உண்மை ஆகிவிடாது. “ஆர்டி (எக்ஸ்ரே படச் சோதனை) எடுத்துப் பார்த்தோம், சுத்தம்” என்பதை வைத்து லேபிள் போடுவது பரவலாக நடக்கும் தவறு. எக்ஸ்ரே கதிரின் திசையோடு ஒத்துப்போகாத மெல்லிய லாக் ஆஃப் ஃப்யூஷன் ஃபிலிமில் பதியாமலே போகலாம். யூடியில் பளிச்சென்று தெரியும் அதை ஆர்டி பேச்சைக் கேட்டு “கோளாறு இல்லை” என்று மாடலுக்குக் கற்றுக்கொடுத்தால், நாம் தேடுவதையே ஒதுக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம். சில கோளாறுகளையாவது வெட்டிப் பாருங்கள். குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நைட்டலில் (நைட்ரிக் அமிலக் கரைசல்) எட்ச் செய்து, ஒரு மி.மீ. ஒரு மி.மீ.யாகச் சீவிப் புகைப்படம் எடுத்தால் கோளாறின் உயரமும் இடமும் கைக்கு வரும். செலவு அதிகம்தான். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வெட்டுகளின் மேல்தான் மற்ற லேபிள்களின் நம்பகம் நிற்கிறது.

லேபிள் வகைகள் மூன்று போதும்: பிளேனர் (கிராக்போல் தட்டையானவை), வால்யூமெட்ரிக் (ஸ்லாக்போல் கனமுள்ளவை), ஜியாமெட்ரி (வெல்டின் வடிவத்தால் வரும் எதிரொலி). ரூட், கேப் எதிரொலிகளை வெறும் பின்னணி என்று விடாமல் ஜியாமெட்ரி என்று தனியாகக் குறித்தால் பொய் எச்சரிக்கை நன்றாகக் குறையும்.

ஜியாமெட்ரி எப்படி ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இடது பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்கிறோம். திரையில் ஆழம் 25 மி.மீ. அருகே பலமான புள்ளி ஒன்று. நன்றாக ஊடுருவிய ரூட் பீடு என்றால், கதிர் மையத்தைக் கடந்து பீடின் மறுபுறத்தில் பட்டுத் திரும்பும். ஆழம் 26, 27 என்று தகட்டின் கனத்தைத் தாண்டிக் காட்டும், இடம் மையக் கோட்டுக்கு வலது பக்கம். ரூட் உருகாமல் நின்றிருந்தால், கதிர் இடது பக்க முனையிலேயே முட்டித் திரும்பும். ஆழம் 25க்குள், இடம் மையத்துக்கு இடது பக்கம் ஒன்றரை மி.மீ. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் நேரெதிர். இரு பக்க ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ரூட் பீடின் புள்ளிகள் மையத்தைக் கடந்து குறுக்கிட்டு நிற்கும். உருகாத ரூட்டின் புள்ளிகள் அவரவர் பக்கத்திலேயே நிற்கும். ஏற்பதும் வெட்டி எறிவதும் இந்த இரண்டு மூன்று மி.மீ.யில்தான் இருக்கிறது. தேய்ந்த வெட்ஜோ, சூடான வெட்ஜோ இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

படமாக மாற்றுவது

கோணமும் நேரமும் கொண்ட கச்சா எஸ்-ஸ்கேனையும் (எல்லாக் கோணக் கதிர்களும் சேர்ந்த விசிறிப் படம்) கொடுக்கலாம். ஆனால் வெல்டின் குறுக்குவெட்டு மேல் பொருத்திக் கொடுத்தால் மாடல் சீக்கிரம் கற்கும். மையக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 32 மி.மீ., ஆழம் 32 மி.மீ., கட்டத்துக்கு அரை மி.மீ. என்றால் 128க்கு 64 அளவுள்ள படம் கிடைக்கும். வெல்டும், அதன் இரு பக்கமும் 10 மி.மீ. வெப்பம் பாய்ந்த பகுதியும் இதில் அடங்கிவிடும்.

முதல் லெக், இரண்டாவது லெக் இரண்டையும் ஒரே படத்தில் கலக்காமல் தனித்தனிச் சேனலாக வையுங்கள். முதல் லெக் படத்தைச் சரியாக 25 மி.மீ.யில் மடித்துவிடவும் கூடாது. 28 மி.மீ. வரை மடிக்காமல் விடுங்கள். மடித்தால், 26 மி.மீ.யில் இருந்த ரூட் பீடு எதிரொலி 24 மி.மீ.யில் வந்து உட்காரும். மேலே சொன்ன வித்தியாசம் அங்கேயே அழிந்துபோகும்.

முன்னும் பின்னும் இரண்டிரண்டு மி.மீ. சேர்த்து ஐந்து ஃபிரேம் (மி.மீ.க்கு ஒரு படம்), இரண்டு லெக், பெவல் கோடு வரைந்த ஒரு முகமூடிப் படம்: மொத்தம் 11 சேனல். வலது பக்க ஸ்கேனைக் கண்ணாடிபோல் திருப்பி, கதிர் எப்போதும் இடமிருந்து வருவதுபோல் வைத்தால் ஒரே மாடல் இரு பக்கத்துக்கும் போதும்.

எதிரொலியின் உயரத்தை ரெஃபரன்ஸ் துளையோடு ஒப்பிட்டு டிபியாக மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் அதனதன் உச்ச அளவால் வகுப்பது, சாதாரணப் புகைப்பட மாடல்களிலிருந்து அப்படியே தொற்றிக்கொண்டு வரும் பழக்கம். இங்கே அது நாசம். கோளாறில்லாத ஃபிரேமில் உச்சம் என்பது வெறும் இரைச்சல். அதைத் திரை உயரத்துக்கு இழுத்துவிட்டால் கோளாறுபோலவே தெரியும்.

பயிற்சி

2015இல் மருத்துவப் படங்களுக்காக வந்த யூ-நெட் அமைப்பு இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 8 ஜிபி ஜிபியு உள்ள கணினியில் பழக்கலாம். ஆடம் ஆப்டிமைசர், கற்றல் வேகம் 0.001, ஒரு தொகுதிக்கு 32 படம் என்று தொடங்குங்கள். படத்தில் கோளாறுப் புள்ளிகள் மிகக் குறைவு என்பதால் டைஸ் லாஸும் ஃபோக்கல் லாஸும் (மாடலின் தவறை அளக்கும் இரண்டு கணக்குகள்) சேர்ந்த கலவை வேண்டும். தொகுதியில் பாதி கோளாறுள்ள ஃபிரேம், கால் பங்கு சுத்தமானவை, மீதிக் கால் பங்கு ரூட்டும் கேப்பும் கூச்சல் போடும் சுத்தமான ஃபிரேம்.

தகட்டைப் பிரிப்பதில் ஏமாந்தால் எல்லாம் வீண். 20 மி.மீ. நீளக் கோளாறு 20 ஃபிரேமில் வரும். ஃபிரேம்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தால், 15 பயிற்சிக்கும் 5 சோதனைக்கும் போகலாம். மாடல் பார்த்த கோளாறையே மறுபடி பார்த்து முழு மதிப்பெண் வாங்கும். எப்போதும் தகடு தகடாகப் பிரியுங்கள்.

செயற்கையாகத் தரவைப் பெருக்குவதில் எது இயற்பியலுக்கு ஒத்தது என்று யோசித்துச் செய்ய வேண்டும். கெயினில் 3 டிபி வரை ஏற்ற இறக்கம், வெட்ஜ் தேய்மானத்துக்கு ஈடாக 0.3 மைக்ரோ நொடி நகர்த்தல், ஓரிரு வரிகளை அழித்தல், ஸ்கேன் திசையைத் தலைகீழாக்குதல் எல்லாம் சரி. படத்தைச் சுழற்றுவதும் மேல்கீழாகக் கவிழ்ப்பதும் தவறு. ரூட் மேலே போய்விடும். ஒரு தகட்டின் கோளாறு எதிரொலியை வெட்டி, உண்மையான சுத்த வெல்டின் தரவில் பதிப்பது மிகப் பயனுள்ள உத்தி. அதை ஆர்எஃப் அலையில், அதே கோணத்தில், அதே ஒலிப்பாதையில் செய்ய வேண்டும். ரெக்டிஃபை செய்த படத்தில் ஒட்டினால் ஓரங்கள் காட்டிக்கொடுக்கும். மாடல் கோளாறைக் கற்காமல் ஒட்டுத் தையலைக் கற்றுக்கொள்ளும்.

எச்சரிக்கை அளவை நிர்ணயிப்பது

“99.8 சதவீதம் துல்லியம்” என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால், ஒரு கணக்கைக் கேளுங்கள். 100 மீட்டர் வெல்டில் மொத்தக் கோளாறு நீளம் 200 மி.மீ. என்றால், எதையும் பார்க்காமல் எல்லாம் நல்லது என்று சொல்லும் மாடலுக்கும் அதே 99.8 சதவீதம் கிடைக்கும். நமக்கு வேண்டியது இரண்டே எண்கள்: குறிப்பிட்ட அளவுக்கு மேலான கோளாறுகளில் எத்தனை தவறின, ஒரு மீட்டருக்கு எத்தனை பொய் எச்சரிக்கை.

சரிசெய்வதற்கென்று வைத்த இரண்டு தகட்டில், நீங்கள் தேடும் சிறிய கோளாறு வரை எல்லாமே கொடி காட்டப்படும் வரை எச்சரிக்கை அளவை (மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னால் கொடி விழும் என்ற வரம்பை) குறைத்துக்கொண்டே வாருங்கள். அடுத்தடுத்த 3 மி.மீ.யில் கொடி விழுந்தால் ஓர் இண்டிகேஷன் என்று சேர்க்கலாம். இடையே 2 மி.மீ. விட்டுப்போனாலும் ஒன்றாகவே கொள்ளலாம். மீட்டருக்கு மூன்று நான்கு பொய் எச்சரிக்கை வந்தால் ஆய்வாளர் பொறுத்துக்கொள்வார். இருபது வந்தால் பார்க்காமலே தட்டிவிடப் பழகிவிடுவார். அப்போது எச்சரிக்கை அளவை உயர்த்தி எச்சரிக்கையைக் குறைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஜியாமெட்ரி தரவைக் கூட்டிப் பயிற்சியை மறுபடி செய்யுங்கள்.

பிறகுதான் பூட்டிய ஆறு தகட்டைத் திறக்க வேண்டும். கண்டுபிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதமாவது உண்டு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, 29 கோளாறில் 29ஐயும் கண்டாக வேண்டும். 0.9ஐ 29 முறை பெருக்கினால் 0.047 வருகிறது, அதாவது அதைவிட மோசமான மாடல் அதிர்ஷ்டத்தில் தப்பிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. ஒன்று தவறினால் 46 கோளாறு தேவை, இரண்டு தவறினால் 61. இந்த 29உம் தனித்தனிக் கோளாறுகளாக, நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நெருக்கமான அளவில் இருக்க வேண்டும். 29 பெரிய ஸ்லாக்கைக் கண்டுபிடித்தது, ஒரு சிறிய லாக் ஆஃப் ஃப்யூஷனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தேறவில்லை என்று மாடலை மாற்றினால், அதே ஆறு தகட்டில் மறுபடி சோதிப்பது செல்லாது. புதுத் தகடு செய்ய வேண்டும். கசப்பான செலவு, ஆனால் தவிர்க்க வழியில்லை.

ஷாப்பில் ஓட்டும் முறை

முதல் சில மாதங்களுக்கு ஆய்வாளர் தானே முழுவதும் பார்த்து, தன் முடிவைப் பதிந்த பிறகே மாடலின் கொடிகள் திறக்க வேண்டும். முதலிலேயே காட்டினால் கொடி இல்லாத இடத்தில் கண் நிற்காது. இருவரும் முரண்படும் ஒவ்வோர் இடத்தையும் லெவல் 3 தீர்த்து, காரணத்தோடு எழுதிவைக்கட்டும். அதன்பின், கொடி முதலில் வரும் முறைக்கு மாறினாலும், தெரிந்த கோளாறுகளை அவ்வப்போது தரவில் நுழைத்து மாடலும் மனிதரும் விழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அளவெடுக்கும் வேலையை மாடலிடம் கொடுக்காதீர்கள். அது வரையும் பெட்டி கோளாறின் அளவு இல்லை. நீளத்தை 6 டிபி டிராப்பிலும் (எதிரொலி பாதியாகும் இடம் வரை அளப்பது), உயரத்தை நுனி டிஃப்ராக்‌ஷனிலும் ஆய்வாளர்தான் எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9712 போன்ற முறையில் தகுதி பெற்றவரின் கையெழுத்து இல்லாமல் எந்த ரிப்போர்ட்டும் போகக் கூடாது. அணு உலைத் துறையில் இயங்கும் ஐரோப்பிய எனிக் அமைப்பு, மெஷின் லேர்னிங் கலந்த சோதனை முறைகளைத் தகுதிப்படுத்துவதற்கென்றே 2021இல் 13ஆம் பரிந்துரையை வெளியிட்டிருக்கிறது. செயல்முறை எழுதுகிறவர்கள் அதைப் படிப்பது நல்லது.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

ஒருநாள் திடீரென்று எல்லா ஜாயின்ட்டிலும் ரூட் எச்சரிக்கை கொட்டினால், முதலில் மாடலைத் தொடாதீர்கள். வெட்ஜைக் கழற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பாதை சுருங்கி எல்லா எதிரொலியும் ஆழம் குறைந்து காட்டும், ரூட் பீடு உருகாத ரூட்போலத் தெரியும். வெட்ஜ் டிலேயை மறுபடி கேலிப்ரேட் செய்தால் சரியாகும்.

எச்சரிக்கை வழக்கத்தைவிட மிகக் குறைந்தால் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கப்ளன்ட், செத்த எலிமென்ட், மாறிப்போன டிசிஜி ஃபைல் இம்மூன்றையும் பாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் தெரிந்த கோளாறுள்ள ஒரு தகட்டை ஸ்கேன் செய்து மாடல் வழியே ஓட்டினால் இது அன்றே பிடிபடும். முடிவில் ஓட்டியது தேறவில்லை என்றால், கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பிந்தைய எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.

கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த பின் முடிவுகள் மாறினால், ஃபில்டர், ஸ்மூத்திங், சுருக்கும் விகிதம் இவற்றின் தானியங்கி அமைப்பு மாறியிருக்கலாம். ஃபைலின் தலைப்புத் தகவலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பயிற்சியின்போது இருந்த அமைப்புகளின் பட்டியலை ஃபைலோடு ஒப்பிட்டு, ஒன்று மாறினாலும் ஓட மறுக்கும்படி ப்ரோக்ராமை எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

ரிப்போர்ட்டில் மாடலின் பதிப்பு எண், எச்சரிக்கை அளவு, ப்ரோப், வெட்ஜ் வரிசை எண்கள், ரெஃபரன்ஸ் கெயின், மாடல் கொடி காட்டி ஆய்வாளர் ஒதுக்கிய இண்டிகேஷன்கள், அவற்றை ஒதுக்கிய காரணம் எல்லாம் இருக்க வேண்டும். கச்சாத் தரவை அந்த வெசல் வேலையில் இருக்கும் காலம் வரை அழிக்காதீர்கள். சில வருடம் கழித்து அதே ஜாயின்ட்டில் கசிவு வந்தால், அன்று கதிர் அங்கே போனதா, போயும் கொடி விழவில்லையா, விழுந்தும் யாரோ ஒதுக்கினார்களா என்று அந்த ஃபைலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.